குடல் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகு நடக்கத் தொடங்குவது எப்படி

கீமோவின் கடைசிச் சுற்று முடிந்ததும் ஒரு வெறுமையான காலம் வருகிறது. அதுவரை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாராவது நம் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள், மருந்து ஏற்றினார்கள், அடுத்த தேதி எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள், "சரி, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த மூன்று மாதமும் நாம் என்ன செய்வது? அடுத்த பரிசோதனையை நினைத்துப் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பதா?

எனக்கு வந்தது மலக்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை, கொஞ்ச காலம் வயிற்றில் ஸ்டோமா பை (மலம் வெளியேற வயிற்றில் வைக்கும் திறப்புதான் ஸ்டோமா, அதன் மேல் ஒட்டும் பை), கீமோ, அப்புறம் பையை எடுத்துவிட்டுக் குடலை மறுபடி இணைக்க இன்னொரு அறுவை சிகிச்சை. பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். "நடந்தால் நல்லது" என்று யாராவது சொன்னால் அது எனக்குப் போதாது. உடம்பில் எங்கே என்ன மாறுகிறது, எவ்வளவு நடந்தால் மாறுகிறது என்று தெரிந்தால்தான் கால் நகரும். அப்படிப் படித்தும் மருத்துவரிடம் கேட்டும் நடந்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு எதுவும் சொல்லியிருந்தால் அதுதான் முதலில்.

நம்பிக்கை வைக்கக் காரணம்

2025-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 'சேலஞ்ச்' என்ற ஆய்வின் முடிவுகள் வெளியாயின. கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் 55 மையங்களில் 889 பேர் சேர்க்கப்பட்டார்கள். மூன்றாம் நிலை அல்லது ஆபத்து கூடிய இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு உடற்பயிற்சி பற்றிய புத்தகங்களை மட்டும் கொடுத்தார்கள். மறுபாதிப் பேருக்குப் பயிற்சியாளர் ஒருவரை வைத்து மூன்று ஆண்டுகள் பயிற்சியைத் தொடரச் செய்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல், புதிதாக வேறு புற்றுநோயும் வராமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், புத்தகக் குழுவில் 73.9 சதவீதம். எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதமும் 83.2 சதவீதமும்.

அந்த ஆய்வு பெருங்குடல் நோயாளிகளை வைத்து நடந்தது. என்னுடையது மலக்குடல் என்பதால் அந்தச் சதவீதங்களை அப்படியே என் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ள மாட்டேன். ஆனால் இதயம், தசை, இன்சுலின் இவற்றில் நடக்கும் மாற்றங்கள் எனக்கும் நடக்கும். கீமோவின் களைப்பும் எனக்கு அதேதான். அந்த அளவில் இது எனக்கும் பொருந்துகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு குழுவுக்கும் உடல் எடையிலும் இடுப்பளவிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது பலன் கிடைத்தது எடை குறைந்ததால் அல்ல. ஆகவே எடை பார்க்கும் மெஷினை வைத்து உங்கள் முயற்சியை மதிப்பிடாதீர்கள். நம்மில் பலர் ஏற்கெனவே தேவைக்கு மேல் இளைத்துப் போனவர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

ஏரோபிக் பயிற்சி என்றால் பெரிய தசைகளைத் தொடர்ந்து இயக்கி, மூச்சையும் நாடித்துடிப்பையும் கொஞ்சம் கூட்டி, அந்த நிலையிலேயே சில நிமிடங்கள் வைத்திருப்பது. வேகநடை, சைக்கிள், நீச்சல் எல்லாம் இதில் அடங்கும். நான் நடையைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு ஒரு ஜோடி ஷூ போதும்.

முதலில் மாறுவது ரத்தத்தின் அளவு. படுக்கையில் கிடந்த மாதங்களில் ரத்தத்தின் திரவப் பகுதி குறைந்திருக்கும். ஒழுங்காக நடக்க ஆரம்பித்தால் ஓரிரு வாரத்திலேயே அது கூடத் தொடங்கும். அப்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது, அதனால் அதே வேலைக்குக் குறைவாகத் துடித்தால் போதும். முதலில் மூச்சு வாங்க வைத்த அதே மாடிப்படி கொஞ்ச நாளில் எளிதாவது இதனால்தான்.

அடுத்தது தசை. சிகிச்சைக் காலத்தில் தசை இளைக்கிறது. தசைச் செல்களுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் குறைகிறது. கீமோ முடிந்தவர்கள் சொல்கிற களைப்பு இருக்கிறதே, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாத அந்தக் களைப்பு, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஓய்வெடுக்க எடுக்கத் தசை இன்னும் இளைக்கும், களைப்பு இன்னும் கூடும். மிதமான பயிற்சி தசைக்குள் புது மைட்டோகாண்ட்ரியாவையும் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் வளர்க்கிறது. புற்றுநோய்க் களைப்பைக் குறைப்பதில் உடற்பயிற்சிக்கு இருக்கும் ஆதாரம் மிகவும் உறுதியானது. களைத்திருக்கும் ஒருவரை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். வீட்டில் உள்ளவர்கள் "பேசாமல் படு" என்று சொல்வது அன்பினால்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதை மென்மையாக மறுத்துவிடுங்கள்.

என்னை அதிகம் ஈர்த்தது இன்சுலின் விவகாரம். குடல் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் இன்சுலினையும், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகளையும் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் அதிகமாக இருந்தால் அந்தச் செல்களுக்கு 'வளர்' என்ற உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். இயங்குகிற தசையோ இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாகப் பதில் சொல்கிறது. அதனால் கணையம் குறைவாகச் சுரந்தால் போதும். இந்தப் பலன் இரண்டு நாளில் தேய்ந்துவிடுவதால், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விடாமல் இருப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட ஒன்றுவிட்டு ஒருநாள் அரை மணி நேரம் நடப்பது மேல் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பும் இதில் சம்பந்தப்பட்டது. அது சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயிலிருந்து மீண்ட 39 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஆறு மாதம் வாரத்துக்கு 150 நிமிடம் அல்லது 300 நிமிடம் ஏரோபிக் பயிற்சி செய்ய வைத்தார்கள். உள்கொழுப்பு குறைந்தது, அதிகம் செய்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. இவை தவிர, பயிற்சியின்போது நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான இயற்கைக் கொல்லி செல்கள் ரத்த ஓட்டத்துக்குள் பெருமளவில் இறங்குகின்றன. நோய் திரும்புவதைத் தடுப்பதில் இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என் ஹீமோகுளோபின் எவ்வளவு? வயிற்றுத் தையல் எப்போது முழுதாக ஆறும், எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது? என் இதயத்தைப் பார்க்க வேண்டுமா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நம் நோய்க்குக் கொடுக்கும் ஃப்ளூரோயுராசில், கேப்சிடபின் மருந்துகள் சிலருக்கு இதய ரத்தக்குழாய்களைச் சுருங்க வைத்து நெஞ்சுவலி உண்டாக்கும். கீமோ நாட்களில் உங்களுக்கு நெஞ்சில் ஏதாவது இறுக்கம் வந்திருந்தால், அப்போது சொல்லாமல் விட்டிருந்தாலும் இப்போது சொல்லிவிடுங்கள்.

இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, இடுப்பெலும்பில் மெல்லிய முறிவு ஏற்படும் வாய்ப்பு கூடுதல். நடக்க ஆரம்பித்த பிறகு இடுப்பிலோ தொடை இடுக்கிலோ புதிதாக வலி வந்து, ஒவ்வொரு அடிக்கும் குத்தினால் அதைத் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு நடக்காதீர்கள். போய்க் காட்டுங்கள்.

எவ்வளவு, எந்த வேகத்தில்

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தியை 1 மெட் என்று வைத்துக்கொள்கிறார்கள். வேகநடை ஏறக்குறைய 4 மெட். சேலஞ்ச் ஆய்வில் வைத்த இலக்கு, ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்கு மேல் வாரத்துக்கு 10 மெட்-மணி. நாலை இரண்டரை மணி நேரத்தால் பெருக்கினால் பத்து. ஆக வாரத்துக்குக் கூடுதலாக 150 நிமிட வேகநடை. அந்த ஆய்வில் இருந்தவர்களும் அங்கே போய்ச் சேரச் சில மாதங்கள் எடுத்துக்கொண்டார்கள். நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஐந்து முதல் பத்து நிமிடம், சமதரையில், காலையும் மாலையும். நான் வீட்டுக்குள் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையில்தான் ஆரம்பித்தேன். 'இதெல்லாம் ஒரு பயிற்சியா' என்று தோன்றுகிற அளவில் தொடங்குவதுதான் சரியான அளவு. அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். முதலில் நிமிடம், அடுத்து நாட்கள், வேகம் கடைசி. மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டினால் முழங்காலும் குதிகாலும் தாங்காது. சேலஞ்ச் ஆய்விலேயே தசை, மூட்டுத் தொல்லைகள் பயிற்சிக் குழுவில் 18.5 சதவீதம் பேருக்கு வந்தன, மறு குழுவில் 11.5 சதவீதம் பேருக்கு. பொறுமையாகக் கூட்ட வேண்டியதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கூட்டலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள மறுநாள் காலையைப் பாருங்கள். எழும்போது வழக்கமான அளவுக்கே களைப்பு இருந்தால் கூட்டலாம். வழக்கத்தைவிட அசதி அதிகம் என்றால் அதே அளவில் இன்னொரு வாரம் இருங்கள்.

வேகத்துக்குப் பேச்சுதான் அளவுகோல். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நான் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டே நடப்பேன். வாக்கியத்தின் நடுவில் எனக்கு மூச்சு வாங்கினால் "மெதுவாப் போக்கா" என்பாள் அவள். கையில் கட்டும் கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பைவிட இது நம்பகமானது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் என்ற, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை எடுப்பவர்களுக்கு நடக்கும்போதும் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, எனவே எண்ணை வைத்துப் பார்த்தால் தவறாகத்தான் தெரியும். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் நிதானமாக நடங்கள்.

குடல் சொல்வதைக் கேட்டு நேரம் குறிப்பது

உடற்பயிற்சி பற்றிய பொதுவான கட்டுரைகளில் இந்தப் பகுதி இருக்காது. ஆனால் நம்மில் பாதிப் பேர் வெளியே போகாததற்குக் காரணமே இதுதான். வழியில் அவசரம் வந்தால்?

பையோடு இருப்பவர்கள் கிளம்பும் முன் அதைக் காலி செய்துவிடுங்கள். கனத்த பை நடக்கும்போது ஆடி, ஓரம் பிரிந்துகொள்ளும். ஸ்டோமா நர்ஸ் சொல்லும் அளவில் ஒரு தாங்குபட்டி கட்டிக்கொண்டால் அசைவு குறையும், மனதுக்கும் தைரியம். ஸ்டோமாவைச் சுற்றிப் புதிதாகப் புடைப்பு தெரிந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம், காட்டுங்கள். சிறுகுடலில் ஸ்டோமா வைத்தவர்களுக்கு நீரோடு உப்பும் வெளியே போய்விடும். வியர்க்க நடந்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். ஓஆர்எஸ் கரைசல் எவ்வளவு, எப்போது என்று உங்கள் மருத்துவக் குழுவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகி, தலை சுற்றினால் அன்றைக்கு நடை வேண்டாம்.

பை எடுத்து இணைத்த பிறகு வேறு கதை. மலக்குடலின் பெரும்பகுதி போய்விட்டதால் மலத்தைச் சேமித்து வைக்க இடமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்தடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் வரும். நான் செய்தது இது: ஒரு நோட்டில் போகிற நேரங்களைக் குறித்தேன். சில வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. எனக்கு விடிகாலையில் தொடங்கி வரிசையாகப் போய், பிறகு ஒரு நீண்ட இடைவெளி வரும். அந்த இடைவெளியில்தான் என் நடை. உங்களுடையது மாலையாக இருக்கலாம். 'காலையில் நடந்தால்தான் நல்லது' என்பதை நம் போன்றவர்கள் மறந்துவிடலாம்.

பாதையை நேர்கோடாக வைக்காமல் வீட்டைச் சுற்றிச் சிறு வட்டமாக வைத்துக்கொண்டேன். எந்த இடத்திலிருந்தும் சில நிமிடத்தில் கழிப்பறைக்கு வந்துவிடலாம். கூடவே ஒரு சிறிய பை, அதில் மாற்று உள்ளாடை, ஈரத் துடைப்பான், தோலுக்குப் பூசும் துத்தநாக களிம்பு, பழையதைப் போட ஒரு மூடிய கவர். பெரும்பாலும் அதைத் திறக்கவே வேண்டியிருக்காது. ஆனால் அது தோளில் இருப்பதால்தான் பயப்படாமல் நடக்க முடிகிறது. நடை குடலின் அசைவையும் தூண்டும். அதனால் ஆரம்பத்தில் நடக்கத் தொடங்கியதுமே போக வேண்டும் போல இருப்பது சகஜம். முதல் வட்டம் முடிந்ததும் ஒருமுறை வீட்டுக்குள் போய்விட்டு மீதியை நடங்கள். மலத்தை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்வது இதற்குப் பெரிய உதவி. வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருக்காதீர்கள்.

மரத்துப்போன பாதங்கள்

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுத்தவர்களுக்கு விரல்களும் பாதங்களும் மரத்துப்போகும். மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் இது கூடிக்கொண்டே போகலாம். நடந்ததால்தான் மோசமாகிறது என்று நினைத்து நடையை நிறுத்திவிடாதீர்கள், அது மருந்தின் இயல்பு. ஆனால் தரை எங்கே இருக்கிறது என்று பாதம் சரியாகச் சொல்லாது, எனவே விழும் ஆபத்து உண்டு. நல்ல வெளிச்சத்தில் நடங்கள். விரல்பகுதி அகலமான, குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொப்புளம் வந்திருந்தாலும் நமக்கு வலிக்காது. நிற்கும்போதே தள்ளாடுகிறது என்றால் நகராத சைக்கிளில் ஆரம்பிப்பது பாதுகாப்பு, இதயத்துக்கும் தசைக்கும் அதே பலன்தான். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் எளிய தசைப்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்த வேண்டிய நேரம்

காய்ச்சல் உள்ள நாளில் நடக்க வேண்டாம். நெஞ்சு இறுகினால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு திணறினால், தலை சுற்றினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து உதவி கேளுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். மலத்தில் புதிதாக ரத்தம் தெரிந்தாலோ, பையில் ஒன்றும் வராமல் வயிறு முறுக்கி வாந்தி வந்தாலோ தாமதிக்காதீர்கள்.

நன்றாக நடக்கிறோம் என்பதற்காக நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனையையோ ஸ்கேனையோ குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியையோ தள்ளிப்போடவும் கூடாது. சேலஞ்ச் ஆய்வில் நடந்தவர்களும் அவற்றைச் செய்துகொண்டேதான் நடந்தார்கள்.

அவர்கள் அதை மூன்று ஆண்டுகள் விடாமல் செய்ய முடிந்ததற்குக் காரணம், முதல் ஆண்டு முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் ஒருவர் விசாரித்துக்கொண்டே இருந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நமக்கு அப்படி யாரும் இல்லை என்றால் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வீட்டிலோ நட்பிலோ ஒருவரிடம், "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எத்தனை நிமிடம் நடந்தாய் என்று கேள், நடக்காவிட்டால் ஏன் என்றும் கேள்" என்று சொல்லிவையுங்கள். எனக்கு அது என் தங்கை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஒரு வாரம் படுத்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். முந்தைய நிமிடங்களில் பாதியை வைத்து ஆரம்பித்து, ஒன்றிரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள்.